சிகரத்தார் லிஃப்டின் முன் வடக்கிருந்தது

வாழ்க, பன்னிரண்டு கிலோப் பை தாங்கிய பரந்த முதுகோன்! வாழ்க, இதுவரை எந்த மலையையும் மிதித்து மாசுபடாத தூய பாதத்தோன்! வாழ்க, கோப்புகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏற்றும்படி பிறர்க்கு ஆணையிட்டே இருபது ஆண்டுகளாக உயரங்களோடு உறவு கொண்டாடிய கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளன்! அலுவலகத்தார் 'சிகரம்' என்று கூப்பிட, அது கேலி என்று அறியாமல் அதையே பட்டமாகச் சூடிக்கொண்ட அப்பெருந்தகை, வெயிலும் மழையும் ஒரே மணி நேரத்துக்குள் முறை வைத்து இறங்கும் காட்டு மலையொன்றை இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவோடு நான்கு நாளில் ஏறி இறங்கும் பொருட்டு, அதற்கு முன் வேண்டியதாகிய ஒரு மருத்துவக் கடிதத்தைப் பெற வியாழக்கிழமைப் பிற்பகலில் நிகழ்த்திய பெரும்போரை இங்கே சொல்லப் புகுகிறோம். கேட்போர் பொறுத்தருள்க; போர் சற்று நீளம், களம் மிகச் சிறிது.

போர் எதன்பொருட்டு என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. மலைக்குழுவை நடத்துபவள் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதிப் பழகிய அவளுடைய குரல், கைப்பேசிச் செய்தியாக இருபத்திரண்டு வீடுகளிலும் ஒருங்கே ஒலித்தது: "உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதின கடிதம் வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் ஃபோனுக்கு வந்து சேரணும். வரலைன்னா அந்த இடம் காத்திருக்கிறவங்களுக்கு. கெஞ்சுற வேலை வேண்டாம்."

காத்திருந்தோர் பட்டியலில் முதலில் நின்றவன் யார்? நம் தலைவனின் மனைவிக்குத் தம்பி. டயர்க்கடையில் பஞ்சர் ஒட்டுபவன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் தலைவனிடம் சுறுசுறுப்பு, முயற்சி, உடல் உறுதி ஆகிய மூன்று தலைப்புகளில் மாறி மாறி உபதேசம் பெற்றவன். தன் இடம் அவனுக்குப் போவதென்பது, யானை இருந்த அம்பாரியில் பாகனின் செருப்பை ஏற்றுவது போன்றதென்று தலைவனுக்குத் தோன்றியது. ஆகவே அன்று காலை சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, கையிலிருந்த கரண்டியை வாளென உயர்த்தி வஞ்சினம் கூறினான்:

"இன்று மாலை ஐந்து மணிக்குள் அக்கடிதத்தை நான் பெறேனாயின், என் சுழல் நாற்காலியில் மைத்துனன் அமர்க! என் காலணியை அவன் அணிக! இனி எவரும் என்னைச் சிகரம் என்னாது பள்ளம் என்று அழைக்க!"

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்க ஷூ அவனுக்குச் சேராது, அவன் கால் பெரிசு," என்றாள். "யாராவது ஒருத்தர் போயிட்டு வாங்க. கட்டின பை வீணாகாம இருந்தா சரி."

இனித் தலைவனின் தோற்றத்தை அடி முதல் முடி வரை பாடுவோம். அடியில், வாங்கிப் பத்து நாளே ஆன மலையேற்றக் காலணி. அது அவனது வலக் குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளத்தை ஈன்றிருந்தது. மார்பில் படுவது விழுப்புண், முதுகில் படுவது புறப்புண் என்று வகுத்த முன்னோர், குதிகால் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் போய்விட்டதால், அதைப் பற்றி மேலே பேசாமல் விடுகிறோம். கணுக்கால் முதல் முழங்கால் வரை, அட்டை ஏறாதிருக்க அணியும் நீள உறை. அந்தத் தார்ச்சாலையில் அட்டை எதுவும் அன்று வரை தென்பட்டதில்லை. இடுப்பில் விசிலும் திசைகாட்டியும். முடியில், விளிம்பு அகன்று கொசுவலை தொங்கும் தொப்பி. அது மழையையும் வெயிலையும் தடுத்தது, சுவரில் எழுதி ஒட்டப்படுவனவற்றையும் சேர்த்தே தடுத்தது.

முதுகில் பை. கடைசி வாரம் முழுவதும் நிரம்பிய பையைச் சுமந்து பழகுங்கள் என்பது ஆசிரியையின் ஆணை. தலைவன் அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினான். ஆட்டோவில் சுமந்தான். சுழல் நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடி சுமந்தான். மாலைத் தொலைக்காட்சியின் முன் சுமந்தான். நடந்தானா என்று கேட்பது பண்பன்று. ஆணையில் 'நட' என்ற சொல் இல்லை.

இவ்வாறு புனைந்தவன் மூன்று ஐம்பதுக்கு மருத்துவரின் கட்டடத்தை அடைந்தான். மருத்துவர் இருப்பது நான்காம் மாடி. அங்கே செல்ல வழி இரண்டு. ஒன்று, ஆறு பேரைத் தாங்கும் லிஃப்ட். மற்றொன்று அதன் பக்கத்திலேயே வாய் திறந்து கிடந்த படிக்கட்டு. படிகள் எழுபத்திரண்டு. நாம் இருமுறை எண்ணியபோது அப்படி வந்தது. மூன்றாம் முறை எழுபத்தொன்று வந்தது. பெரும்பான்மைக்கு மதிப்புக் கொடுத்து எழுபத்திரண்டு என்றே கொள்க. தலைவன் படிக்கட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

லிஃப்டின் கதவு தெற்கு நோக்கியிருந்தது. எனவே அதன் எதிரே நின்றவன் வடக்கு நோக்கினான். பழைய மன்னர்கள் தோற்ற பிறகே வடக்கிருந்தனர். நம் தலைவன் காலத்தை மிச்சம் பிடிப்பவன். போர் தொடங்குமுன்பே வடக்கிருந்தான்.

அருகே முக்காலியில் அமர்ந்திருந்த காவலாளி அந்தக் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். "சார், மலைக்குப் போற சர்டிபிகேட்டுக்கா? அப்படின்னா நீங்க..." என்று தொடங்கினார். தலைவன் உள்ளங்கையைக் காட்டி அவரை அடக்கினான். கையில் ஆயுதமில்லாதவனிடம் ஆலோசனை கேட்பது வீரர்க்கு வழக்கமில்லை.

லிஃப்ட் முதன்முறை வந்தது. நிறைமாதச் சூலி போல் நிறைந்து வந்து, கதவைத் திறந்து, அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இரண்டாம் முறை வந்தபோது உள்ளே இருவருக்கு இடமிருந்தது. தலைவன் பாய்ந்தான். ஆனால் வாயிலை நோக்கித் திரும்பி நிற்பதன்றோ லிஃப்டின் மரபு? அவன் திரும்பினான், பை அவனைவிட ஒரு நொடி தாமதமாகத் திரும்பியது. கரும்புக் காட்டில் களிறு புகுந்தாற்போல, மூன்றாம் மாடித் தையல் வகுப்புக்குத் துணிக்கட்டோடு சென்றுகொண்டிருந்த நான்கு பெண்களின் வரிசை சிதறியது.

"யோவ், யாரு வீட்டு பீரோய்யா இது!" என்றாள் அவர்களில் மூத்தவள். ஒரு முழங்கை எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது. கதவு மூடியபோது தலைவன் வெளியே நின்றான். வடக்கு நோக்கியே நின்றான்.

நான்கு மணி பத்து. மைத்துனன் வந்தான்! தேர் இல்லை, கவசம் இல்லை. கிரீஸ் படிந்த சட்டை, வார் தேய்ந்த ரப்பர் செருப்பு, வாயில் சீழ்க்கை.

"மாமா, இன்னும் கீழதான் நிக்கிறீங்களா? அக்காதான் சொல்லிச்சு, எதுக்கும் நீயும் ஒரு கடிதம் வாங்கி வெச்சுக்கோன்னு. வாங்க, சேந்து படில போவோம். பையக் குடுங்க, நான் தூக்கிக்கறேன்."

பகைவன் நீட்டும் கை பகைவனின் வாளைவிடக் கொடியது. தலைவன் கொசுவலையை விலக்கி, வாயிலில் இருந்த ஜெராக்ஸ் கடையும் கேட்கும்படி முழங்கினான்: "மலையேறப் பிறந்த கால்களை மாடிப்படியில் செலவிடேன்! இவை சிகரத்துக்கென்று சேமிக்கப்பட்டவை!"

"சரி மாமா. பத்திரமா வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மறைந்தான். கால் மணி நேரத்தில், கையில் மடித்த காகிதத்தோடு இறங்கியும் வந்தான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அந்த டாக்டரம்மா என்ன பண்றாங்கன்னா..." மீண்டும் உள்ளங்கை உயர்ந்தது. மைத்துனன் காவலாளியைப் பார்த்தான். காவலாளி கூரையைப் பார்த்தார். சீழ்க்கை தெருவில் தேய்ந்து போயிற்று.

அந்தக் காகிதத்தைக் கண்ட கணமே தலைவனின் நெஞ்சில் ஊழித்தீ மூண்டது. நான்கு முப்பதுக்கு லிஃப்ட் மூன்றாம் முறையாகக் கதவு திறந்ததும், பையை முன்னே செலுத்தித் தான் பின்னே புகுந்தான். புகுந்தான் என்பதல்ல, அடைபட்டான். மூட்டையில் கடைசிப் படி நெல்லைப் போல. உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். அவன் ஆறாமவன்; எண்ணிக்கை சரி. ஆனால் அறம் எண்ணிக்கையில் இல்லை, எடையில் இருக்கிறது என்று அறிவித்து அந்த இயந்திரம் அலறத் தொடங்கியது. கதவு மூட மறுத்தது. மணி நிற்க மறுத்தது.

ஐந்து பேரும் அவனைப் பார்த்தனர். தலைவனோ சுற்றிலும் பார்த்து, இறங்கத் தக்கவர் யார் என்று ஆராய்ந்தான். வரி ஆலோசகரின் உதவியாளர், கண்ணாடிக் கடைக்காரர், ஒரு கணவன் மனைவி, இடக்காலில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெண்மணி. அவன் பார்வை மாவுக்கட்டின்மேல் நிலைத்தது. அது எத்தனை கிலோ இருக்கும்?

"என்ன பாக்கறீங்க?" என்றாள் அவள். "கழட்டி வெளிய வெச்சுடட்டுமா?"

லிஃப்ட் முழுக்கச் சிரித்தது. மணியும் கூடவே அலறியது. அப்போது, மலையிலிருந்து இறங்கும் வரை இந்தப் பையிலிருந்து ஓர் ஊசியும் இறங்காது என்று நான்கு நாட்களுக்கு முன் செய்த சபதத்தை நம் தலைவன் முறித்தான். வள்ளல்கள் வாரி வழங்கியதைப் பாடியவர்களே, இதைப் பாடுங்கள்! வாயிற்படியில் மண்டியிட்டு அவன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே ஈந்தான். மடக்கு நாற்காலியை ஈந்தான், மணி அலறியது. பேட்டரியில் சுழலும் விசிறியை ஈந்தான், அலறியது. தலையணையை, கைக்கண்ணாடியை, மின்சாரமே இல்லாத காட்டுக்கென்று எடுத்துவைத்த இஸ்திரிப் பெட்டியை ஈந்தான். இஸ்திரிப் பெட்டியைக் கண்டதும் மணி ஒரு கணம் தயங்கியது. பிறகு முன்னினும் உரக்க அலறியது. கடைசியில், கால் பற்றும் அட்டைகளை உதிர்க்கவென்று வாங்கிய இரண்டு கிலோக் கல்லுப்பை, சொந்தப் பிள்ளையைப் போருக்கு அனுப்பும் தாயைப் போல ஒருமுறை தடவிக்கொடுத்துத் தரையில் வைத்தான்.

மணி அடங்கியது.

"சார், உப்பு யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்று காவலாளி கேட்டது, மூடும் கதவின் இடுக்கில் நசுங்கிப் போயிற்று.

எழுந்தது லிஃப்ட்! ஒன்று, இரண்டு, மூன்று என ஒளிரும் எண்கள் ஒவ்வொன்றும் வீழ்ந்த கோட்டையாக, பகைவர் ஐவர் தோளோடு தோள் நெருக்க, எழுபத்திரண்டு படிகளில் ஒன்றையும் தீண்டாமல் தலைவன் நான்காம் மாடியில் கால் பதித்தபோது மணி நான்கு நாற்பத்தைந்து. மருத்துவர் அறையில் வேறு எவரும் இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க, மெலிந்த அம்மையார். அவன் நீட்டிய மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். புருவம் உயர்ந்தது.

"நாடி ரொம்ப நிதானமா இருக்கே! மூச்சுகூட வாங்கலையே!"

தலைவனின் மார்பு விரிந்தது. பையின் வார்கள் கிறீச்சிட்டன. இருபது ஆண்டு அலுவலக வாழ்வில் எவரும் அவன் உடலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை. அக்கணத்தில் அவன் மெய்யாகவே மலைமேல் நின்றான். கீழே மேகங்கள், மேகங்களுக்கும் கீழே மைத்துனன்.

அம்மையாரின் பேனா காகிதத்தைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. "படிலதானே ஏறி வந்தீங்க?"

பொய் சொல்லலாம். ஆனால் வென்றவன் தன் வெற்றியை மறைப்பானா? "லிஃப்டில் வந்தேன்!" என்றான், கொடி நாட்டியவனின் குரலில்.

பேனா மூடப்பட்டது. "அப்போ இந்த நாடிய வெச்சு நான் என்ன பண்ண? கீழ படிக்கட்டுப் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கேனே, பாக்கலையா? மலைக்குப் போறவங்க நாலு மாடி ஏறி வந்து அந்த மூச்சோடயே கைய நீட்டணும். அதான் என் பரீட்சை. உங்களுக்கு முன்னால வந்த பையன் சிரிச்சுக்கிட்டே வந்தான். போங்க, போயிட்டு ஏறி வாங்க. அஞ்சு வரைக்கும் இருப்பேன்."

கடிகாரத்தில் நான்கு நாற்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள்! கேளுங்கள், இடி போல் அவன் எழுந்ததை! வாரை இறுக்கினான்; தொப்பியை நிமிர்த்தினான்; வஞ்சினம் உரைத்த நாவை மென்று கடித்தான்; கொப்புளம் கொண்ட குதிகாலை, அது விழுப்புண்ணே என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ஓங்கி ஊன்றினான்; சுழல் நாற்காலியில் கிரீஸ் சட்டை அமர்ந்திருக்கும் காட்சி கண்முன் தோன்ற, மலைச்சிங்கம் குகை விட்டு வெளிப்பட்டதென மருத்துவர் அறை விட்டு வெளிப்பட்டு, இடப்புறம் எழுபத்திரண்டு படிகளும் தன் வருகைக்காக நடுங்கிக் காத்துக் கிடப்பதைக் கண்டு, காலத்தையும் மைத்துனனையும் ஒருசேர வெல்லும் திண்மையோடு நெஞ்சு நிமிர்த்தி மூச்சை உள்ளிழுத்தான்.

பிறகு அவன் கீழே போவதற்காக லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு நின்றான்.