எண்ணுக்குப் பெயர் வைத்தல் – தொடர்பாக

"ஏனுங்க, உங்க மெயில் ஒண்ணும் வர்லீங்க," என்றாள் புவனா, இட்லித் தட்டைத் தம்பிதுரையின் முன்னால் வைத்தபடி.

"எட்டு பத்துக்கே அனுப்பிச்சாச்சு. நல்லாப் பாரு."

"அந்த ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸோ என்னமோ சரியில்லையாமா. நீங்க போடறது மட்டும் வந்து சேர மாட்டேங்குது. எதுத்தாப்பல உக்காந்துட்டு இருக்கறீங்க, என்னன்னு வாயில சொல்லீறலாமில்ல?"

"எழுத்துல இருக்கோணும் புவனா."

அவள் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு வடவள்ளி கடைவீதிக்குப் போனாள். பதினோரு மணிக்குக் காய்க்கடைக்காரர் போன் செய்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பிதுரை முப்பத்தி நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். புவனா நடத்திவந்த செக்கு எண்ணெய் வியாபாரத்துக்கு வெப்சைட்டும் மெயிலும் வந்த பிறகு, வீட்டுக்குள்ளேயே மனைவிக்கு மெயில் அனுப்பத் தொடங்கினார். 'பொருள்: இன்றைய ரசத்தில் உப்பு – தொடர்பாக.' ஒரு நாளைக்கு மூன்று மெயிலாவது போகும்.

அன்று காலை அனுப்பியது மட்டும் வேறு மாதிரி. 'பொருள்: வால்பாறை செல்லுதல் – ஒப்புதல் அளித்தல் – தொடர்பாக. பார்வை: தங்களின் பதினோரு ஆண்டு வாய்மொழிக் கோரிக்கை.'

பதினோரு வருஷமாக அவள் கேட்டு, பதினோரு வருஷமாக அவர் மறுத்தது. ஒத்துக்கொண்ட நாளில் மெயில் போய்ச் சேரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த, எண்ணெய்க்கடை வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தார். லின்சி என்ற பெண் எடுத்தாள்.

"எங்க ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைச் சரி பண்ணோணும்."

"சார், உங்க கடைப் பேரைச் சொன்னா இன்டர்நெட்டுல அதோட நம்பர் வருமுங்க. நம்பரைச் சொன்னாப் பேரு வர்றது ரிவர்ஸ். அதைப் பாத்துத்தான் மெயிலை உள்ள விடுவாங்க. ஆனா நீங்க இருக்கறது ஷேர்டு ஹோஸ்டிங்குங்க. ஒரே நம்பர்ல நூத்தி நாப்பத்தாறு வெப்சைட் இருக்குது. நம்பரைக் கேட்டா எங்க கம்பெனி பேருதான் வரும். அதுல தப்பில்லீங்க."

"லைன் வீடு மாதிரி."

"அதேதானுங்க சார்."

தம்பிதுரைக்குச் சொந்தமாகவே ஒரே காம்பவுண்டில் வரிசையாக எட்டு லைன் வீடுகள் உண்டு. "அப்ப குடியிருக்கறவங்க ஒத்துக்கிட்டா எங்க பேரை வெக்கலாம்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாலும் அது..." என்று லின்சி ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அதே நம்பரில் குடியிருப்பவர்கள் யார் யார் என்று காட்டும் ஒரு வெப்சைட்டைக் கண்டுபிடித்தார். ஆட்சேபணையின்மைச் சான்று என்று தலைப்புப் போட்டு நூறு படிவம் அச்சடித்தார். பஸ் ஏறினார்.

பவானியில் ஜமக்காளம் விற்கும் பாலுசாமி படிவத்தை இரண்டு தரம் படித்தார். "அக்கம்பக்கத்துல குடியிருக்கறம்ங்கறீங்க. நீங்க வடவள்ளி, நான் பவானிங்க."

"இன்டர்நெட்டுல ஒரே காம்பவுண்டுங்க."

"அப்படீங்களா. இத்தனை நாளாத் தெரியாமப் போச்சுங்க. காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்." காப்பி குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பல்லடத்துக் கோழிக்குஞ்சுப் பண்ணை, ஒரு திருமணத் தகவல் மையம், சர்ச் பாடகர் குழுவின் அற்புதம் டீச்சர் என்று முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்கும் எதற்கென்று புரியவில்லை. வீடு தேடி வந்த பெரிய மனிதரிடம் மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கம்பெனி முதலாளி கிருபாசங்கரின் மேசையில் அத்தனையையும் வைத்தார். பக்கத்தில் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பூவம்பழம்.

"மிச்சம் நூத்திப் பதினாலு பேருங்க?" என்றார் கிருபாசங்கர்.

"வெளியூர்க்காரங்க. பதினஞ்சு நாள் நோட்டீஸ் மெயில்ல குடுத்தேன். ஆட்சேபணை ஒண்ணும் வரலை."

"உங்க மெயில் போகலைங்கறதுதானுங்களே சார் கம்ப்ளெயிண்டே?" என்றாள் லின்சி.

"அது கோப்புல வராது அம்மணி."

கிருபாசங்கர் பழத்தைப் பார்த்தார், படிவங்களைப் பார்த்தார். அவருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் அந்த நம்பருக்குப் 'புவனா செக்கு எண்ணெய்' என்று பெயர் வைக்கப்பட்டது.

தம்பிதுரை வீட்டுக்கு வந்து புவனாவின் போனை மேசையில் வைத்தார். தினமும் அதைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். பூட்டைத் திறக்கத் தெரியாது. யாரையும் திறக்க விடவும் மாட்டார். மெயில் வந்தால் அது டிங் என்று சத்தம் போடும். துணிக்கடைத் தள்ளுபடிக்குப் போட்டது. பாங்குக்குப் போட்டது. அவர் அனுப்பியதற்கு மட்டும் போடவில்லை.

'பொருள்: சோதனை – தொடர்பாக' என்று அனுப்பினார். காத்திருந்தார்.

சத்தம் இல்லை. அவருடைய போன்தான் அடித்தது.

"சார், பாலுசாமிங்க. ஜமக்காளத்துக்குப் பில் அனுப்பிச்சா, மெயில்ல பேரு ஒண்ணு சொல்லுது, நம்பரைக் கேட்டா எண்ணெய்க்கடைன்னு வருதுன்னு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. உங்களைக் குத்தஞ் சொல்லலீங்க. சும்மா தெரியப்படுத்தறேன்."

அடுத்தது அற்புதம் டீச்சர். "ஐயா, திருவிழாப் பாட்டுப் பட்டியல் பிஷப் வீட்டுக்குப் போகவே இல்லீங்க. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாருங்க. ஆனா பேரைக் கொஞ்சம் எடுத்துப்போட்டா நல்லாருக்கும்."

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் மரியாதையாகத் திட்டிவிட்டார்கள்.

கிருபாசங்கர் பழைய பெயரையே திரும்ப வைத்தார். தம்பிதுரையைத் தனி நம்பருக்கு மாற்றினார். "உங்களுக்குத் தனி ஊடே குடுத்தாச்சுங்க. தயவு பண்ணி யாருகிட்டயும் கையெழுத்து வாங்காதீங்க."

தனி வீட்டில் இதற்கு முன்னால் குடியிருந்தவர் ஆண்மைக் குறைவு லேகியம் விற்றவர். கோடிக்கணக்கான பேருக்குக் கேட்காமலே மெயில் அனுப்பி, உலகம் பூராவும் அந்த நம்பருக்குக் கதவைச் சாத்த வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வாரம் எண்ணெய் வாங்குகிறவர்களுக்குப் போன மெயில் அத்தனையும் திரும்பி வந்தது. சென்னைக்காரர் ஒருவர் மட்டும் போன் செய்து, எண்ணெயைக் குடிக்கவேண்டுமா தடவவேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

புவனாவின் போன் மேசைமேல் பேசாமல் கிடந்தது.

இரண்டாம் மாசக் கடைசியில் லின்சி லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தாள். "பழைய லைன் வீட்டுக்கே போயிரலாங்க சார். ரெண்டு மெயில் பெட்டியையும் நானே மாத்திக் குடுத்துப்போட்டுப் போறேன்."

"அவ பெட்டியைத் திறக்கக் கூடாது. அவ அனுமதி எழுத்துல இல்லை."

"திறக்கலீங்க சார். அப்படியே தூக்கி வெக்கறேன். அதுல இருக்கற ரூலும் மெயில் கணக்கும் மட்டும் என் கண்ணுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

"சார், ரிவர்ஸ் டிஎன்எஸ் மொதல்ல இருந்தே சரியாத்தானுங்க இருந்திருக்குது."

"அப்புறம் எப்படி என் மெயில் மட்டும் போகலை?"

"மேடம் ஒரு ரூல் போட்டு வெச்சிருக்கறாங்க. நாலு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட இருந்து எது வந்தாலும் சத்தமில்லாம ஒரு தனிப் பெட்டிக்குப் போயிரும். பேரு..." லின்சி தயங்கினாள். "பேரு 'சாப்பிட்ட பொறவு'ங்க. நாலாயிரத்தி முன்னூத்திச் சொச்சம் மெயில் இருக்குது. ரெண்டு மாசமா நீங்க அனுப்பின சோதனை மெயில் போக, மீதி அத்தனையும் படிச்சதுன்னு காட்டுது."

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் புவனா அரைமணி நேரம் போனும் கையுமாக உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். எண்ணெய் ஆர்டர் பார்க்கிறாள் என்று தம்பிதுரை நினைத்திருந்தார்.

"கடைசி நாளு," என்றார். "அன்னிக்கு அவ மத்தியானம் சாப்பிடலை அம்மணி. எட்டு பத்து மெயில், பொருள் வால்பாறை. அதை மட்டும் பாரு. அனுமதி நான் எழுதித் தாரேன்."

லின்சி பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு நிமிர்ந்தாள்.

"எட்டு பதினாலுக்குப் படிச்சிருக்கறாங்க சார். எட்டு பதினஞ்சுக்கு அதை வால்பாறை லாட்ஜ் ஒண்ணுக்கு அனுப்பி, கூடவே எழுதியிருக்கறாங்க: 'எழுத்துலயே குடுத்துட்டாருங்க, இனி மாத்த முடியாது, ரூம் போட்டுருங்க. இப்ப இட்லி வெக்கறப்ப மெயில் வர்லைன்னு சொல்லி, வாயாலயும் ஒருக்காச் சொல்ல வெக்கறேன்.'"

இரண்டு பெட்டியையும் மாற்றி முடித்துவிட்டு லின்சி கேட்டாள். "இந்த ரூலை எடுத்துரட்டுங்களா சார்?"

"இருக்கட்டும்."

தன் போனை எடுத்து, 'பொருள்: வெள்ளிக்கிழமை வால்பாறை பஸ் – தொடர்பாக' என்று எழுதி அனுப்பினார்.

மேசைமேல் இருந்த போன் சத்தம் போடவில்லை.