ஜமீலா அக்காவின் பட்டும் பனிமலை நொதியும்

படித்தவன் தானாக முன்வந்து துணி துவைத்துத் தருகிறேன் என்றால், முதலில் வாளியை எடுத்து ஒளித்துவையுங்கள். பட்டவன் சொல்கிறேன். (என்னால் பட்டவர் ஜமீலா அக்கா.)

அப்போது நான் திருவாரூரில் ஆராய்ச்சி மாணவன். இமயமலைப் பனிமண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சுரக்கிறது. அதைக் கொண்டு ஜில்லென்ற தண்ணீரிலேயே துணிக்கறையைப் போக்கலாம் என்பது என் கட்சி. மூன்று வருடமாக எந்தச் சோதனையிலும் அந்த நொதி அசைந்து கொடுக்கவில்லை. "இந்த மாசம் ஏதாவது காட்டுங்க தம்பி, இல்லன்னா தலைப்பை மாத்திடலாம்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நான் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஜமீலா அக்கா. கணவர் சவூதியில். மாதத்தில் பாதிநாள் என் சாப்பாடு அக்கா வீட்டுத் தூக்கில்தான் மேலே வரும். (தூக்கைக் கழுவிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.) ஒரு திங்கட்கிழமை, அக்கா பட்டுப்புடவையும் கையுமாக நின்றார். வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிக்காஹ். முந்தானையில் குருமாக் கறை, மஞ்சளாக.

"அவங்க முதல் லீவுல வந்தப்ப எடுத்துக் குடுத்தது தம்பி. இதைத்தான் கட்டணும்னு இருந்தேன். லாண்டரியில முடியாதுங்கறாங்க."

"எங்கிட்ட குடுங்கக்கா."

"போயிடுமா?"

"இருந்த இடம் தெரியாது."

ஆய்வகத்தில் சேர்த்து வைத்திருந்த நொதிக் கரைசலை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தேன். பேசினில் ஊற்றி, புடவையை முக்கி, அக்காவின் ஃபிரிட்ஜிலேயே வைத்தேன். மீனுக்காக அதை எப்போதும் அதிகக் குளிரில்தான் வைத்திருப்பார். ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் மூன்று வருடப் படிப்புக்கு என்ன மரியாதை? "புதன்கிழமை வரைக்கும் தொடாதீங்க" என்று உத்தரவிட்டு, தஞ்சாவூருக்கு ஒரு கருத்தரங்கில் கைதட்டப் போய்விட்டேன்.

புதன்கிழமை அக்கா முந்தானையைப் பிடித்துத் தூக்கினார். முந்தானை கையோடு வந்தது. மீதிப் புடவை பேசினிலேயே இருந்தது. தொட்ட இடமெல்லாம் ஊறிய அப்பளம்போல் பிய்ந்தது. மஞ்சள் கறை மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது.

மஞ்சள் புரதமில்லை. பட்டுதான் புரதம். பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதி, பட்டப்படிப்பில் மறந்துபோனது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எதைத்தான் தின்னாது தம்பி?"

"பருத்தியைத் தின்னாதுக்கா."

"சரி" என்றார். எனக்குக் கிடைத்த திட்டு அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால் எனக்குத் தேவலை.

நிக்காஹுக்குப் போக முகமில்லாமல் மாடியிலேயே படுத்திருந்தேன். அக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டார். தயங்கிப் போய் வாசலில் நின்றபோது, யாரோ புடவையைப் பற்றிக் கேட்பது காதில் விழுந்தது. "எலி கடிச்சிடுச்சு மாமி" என்றார் அக்கா, பழைய சேலையில் நின்றபடி. சபையில் என் பெயர் வரவில்லை. அன்று எலிக்குப் பிரியாணி தனித்தட்டில் வந்தது. கண்ணீரோடு சாப்பிட்டேன். (இரண்டு தரம் வாங்கினேன்.)

சனிக்கிழமை பேராசிரியரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் புடவையை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு குளிர்ல வச்சீங்க?"

"மீன் வைக்கற குளிர் சார்."

"அப்ப நம்ம லேப்ல?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மற்றவர்களைப் பார்த்து, நானும் என் நொதியை ஆய்வகச் சூட்டுப் பெட்டியில், மனித உடம்பின் சூட்டில் வைத்தே சோதித்துக்கொண்டிருந்தேன். பனியில் பிறந்தது அந்தச் சூட்டிலேயே செத்துக்கொண்டிருந்தது. குளிரில் வைத்ததும் வேலை செய்யத் தொடங்கியது. தலைப்பு தப்பியது, நானும் தப்பினேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் ஜமீலா அக்கா.

என் கல்யாணத்துக்கு வந்த அக்கா, மணப்பெண் கையில் ஒரு சேலையைக் கொடுத்தார். அருமையான பருத்தி. "பட்டு எடுக்கலம்மா. உன் வீட்டுக்காரரு தின்னுடுவாரு."

இன்றைக்கும் பட்டுப்புடவையில் ஒரு சொட்டுக் குழம்பு சிந்தினால், என் மனைவி முதலில் என்னைத்தான் வெளியே அனுப்புகிறாள். நான் தெருவில் நின்று அக்காவுக்கு ஃபோன் செய்வேன்.

"எலி நல்லாயிருக்கா?" என்பார்.

"நல்லாயிருக்குக்கா, உங்க புண்ணியத்துல."