உன் மாமனிடம் மனம் விட்டுப் பேசியது பற்றி

அன்பு மகளுக்கு,

பல்லும் ஈறும் சௌக்கியமா என்று முதலில் கேட்டு, மற்ற உறுப்புகளின் நலத்தையும் அடுத்தடுத்து விசாரித்துக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அவள் என்னோடு பேசுகிற நாட்களில் கூடுதல் நலம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய். "அப்பா, நான் கொஞ்சம் சொல்லட்டுமா"ன்னு நீ ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, நிம்மதியாக எழுதலாம்.

உன் மாமனை நான் போய் நலம் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் அம்மா அவள் பங்குக்குக் கண், காது, மூக்கு வைத்து உனக்குச் சொல்லியிருப்பாள். அதனால் என் பக்கத்து நியாயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன், கேள். உன் மாமன் நீச்சல் குளத்தில் மாஸ்டராக நின்றுகொண்டிருந்தபோது அந்தக் குண்டு வக்கீல் ஆழமான பக்கம் போய், கால் பிடித்துக்கொண்டு, முங்கிவிட்டார். பம்ப் ஆபரேட்டர் சீருடையோடும் ஷூவோடும் குதித்து அவரை இழுத்துப் போட்டார். வக்கீல் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, குளத்தின் மேல் கேஸ் போடலாமா என்று யோசித்தார். ஆளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. உன் மாமன்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை, திரைச்சீலையை விலக்கவில்லை, படி இறங்கவில்லை. தனிக்கட்டை வேறு, அதட்டி எழுப்பவும் ஆளில்லை. உன் அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முந்தின நாள் டப்பாவைப் பாதி மீதியோடு எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் பார்த்தால் அவன் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே இல்லை. கேட்டால், வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டானாம், விசிலையும் சேர்த்து. "இனிமே எனக்கெதுக்குக்கா"ன்னு சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

அப்போதுதான் நீ போனில், உன் ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சியை எனக்கும் ஊட்டிவிட்டாய். "கேளுங்கப்பா. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. புத்தி சொல்லாதீங்க. இதெல்லாம் ஒரு விஷயமான்னு சிரிக்காதீங்க. பொருளையெல்லாம் தூக்கிக் கொடுக்கிறாருன்னா, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டுடுங்க. கேட்கிறதால அந்த நினைப்பு வந்துடாது"ன்னு சொன்னாய். ஊரில் பாதிப் பேருடைய வாயைத் திறக்க வைத்தவனுக்கு ஒரு மச்சானைத் திறக்கத் தெரியாதா என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் சந்திப்பு பிரமாதமாகப் போனது, அதாவது நான் அப்படித்தான் நினைத்தேன். நாற்காலியை அவனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டேன். அறை இருட்டாக இருந்ததால் மேஜை விளக்கைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே திருப்பினேன். இன்னும் கொஞ்சம் சாஞ்சு உட்காருன்னேன். "தூக்கமெல்லாம் வருதா? சரி சரி. சாப்பிடறியா? நல்லது, நல்லது. மனசுல ஏதாவது வலி, கூச்சம்? பரவாயில்ல, எல்லாருக்கும் இருக்கும், நாள் போனா சரியாயிடும்"னு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் விசாரித்து, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். மனம் விட்டுப் பேசிவிட்டோம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். "ம்"னு சொன்னான் என்றேன். "அப்புறம்?" இன்னொரு தடவையும் "ம்"னு சொன்னான், ஆனா கொஞ்சம் அழுத்தமா என்றேன். உன் அம்மா என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். "வாய்க்குள்ள பஞ்சையும் கண்ணாடியையும் அடைச்சு வெச்சுட்டுக் கேள்வி கேட்டுக் கேட்டே பழகிட்டீங்க. எதிர்ல இருக்கிறவன் பதில் சொல்வான்னே உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்ன ஒரு பதிலையாவது நீங்க காதுல வாங்கியிருக்கீங்களா?" என்றாள். நான் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே எழுந்து போய்விட்டாள்.

சரி, மௌனமாக இருக்கப் பழகிவிட்டுத்தான் மறுபடி போவது என்று முடிவு செய்து, கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். பால் பாக்கெட் எடுக்க வந்தவரை நிறுத்தி, "நிஜமா எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, நீ சொன்னபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றேன். அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. "ஏன் டாக்டர், என்னாச்சு டாக்டர், மூஞ்சியில ஏதாவது தெரியுதா?" என்றார். நான் அதற்கும் அமைதி காத்தேன். பயிற்சி அப்படித்தானே? அவர் தைத்துக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, உச்சி முதல் பாதம் வரை டெஸ்ட் எடுத்துக்கொண்டார். எல்லாம் நார்மல் என்று வந்திருக்கிறது. அந்த நிம்மதியில் வந்து என்னைத் திட்டினார். நான் வெறும் பல் டாக்டர்தான் என்பதைக்கூட யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது தடவை போனபோது வாயே திறக்கவில்லை, சத்தியம். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து உன் மாமன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன அத்தான், மேல் வரிசையில ஏதாவது ஓட்டையா?" என்றான். அவனே கேட்ட பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? டார்ச்சும் ஒரு ஸ்பூனும் எடுத்து வரச் சொன்னேன். ஓட்டை மேலே இல்லை, கீழே, வலது பக்கம். ஆனால் அவன் எழுந்து போய் ஸ்பூன் எடுத்து வந்தானே, அதுவே பெரிய முன்னேற்றம் என்று எனக்கு ஒரே உற்சாகம். அந்த உற்சாகத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "விடு மாப்ளே, அந்த வக்கீல் கல்லு மாதிரி இருக்காரு. அப்படியே போயிருந்தாலும் ஒரு வக்கீல் குறைஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சொல்லிச் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். உன் மாமன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். தட்டிப் பார்த்தேன். "தூங்கறேன் அத்தான், நீங்க போங்க" என்றான். அவன் குரல் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை. நீ கேட்கச் சொன்ன அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஆமாம்னு சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம், மகளே. படியிறங்கி வந்து தெருவில் நின்று அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை; நீயும் சொல்லாதே.

இதற்கு நடுவில் என் கீழ்க் கடைவாய்ப்பல் தன் வேலையைக் காட்டிவிட்டது. இத்தனை காலம் எவ்வளவு பேருக்கு "தள்ளிப் போடாதீங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னு சொன்னவன் நான்! கன்னம் வீங்கிக் கண் சிறுத்துப்போன பிறகு, என்னிடம் உதவியாளனாக இருந்து என் கிளினிக்கையே எடுத்துக்கொண்ட அந்தப் பயலிடமே போய்ப் படுத்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, உறிஞ்சும் குழாயையும் கண்ணாடியையும் வாய்க்குள் திணித்துவிட்டு அவன் கேட்கிறான்: "ரிட்டையர்மென்ட் எப்படி சார் போகுது? ஜாலிதான்? சூப்பர் சார்." ஜாலியாவது! மச்சான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கிடக்கிறான், எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று அவனிடம் சொல்லத் தோன்றியது. "ஆ" என்று ஒரு சத்தம்தான் வந்தது. "நல்லது சார், நல்லது" என்றான். யாரிடம் தொழில் கற்றுக்கொண்டானோ, கொஞ்சம்கூட நாகரிகம் இல்லாத பயல்.

பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து, நன்றாகக் கடித்துக்கொள்ளுங்கள், பேசவே கூடாது என்று அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவுக்கு முட்டி வலி. "நீங்களே டப்பாவைக் கொடுத்துட்டு வந்துடுங்க. இன்னைக்காவது அவன் தப்பிச்சான்" என்றாள். உன் மாமன் கதவைத் திறந்தான். என் ஒரு பக்கக் கன்னத்தைப் பார்த்தான், நான் கையால் வாயைக் காட்டினேன், பஞ்சைக் காட்டினேன். "பேச முடியாதா அத்தான்? நிஜமாவே முடியாதா?" என்று கேட்டான். தலையாட்டினேன். என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்! அத்தனை மாதமாகச் சிரிக்காதவன் என் பல் போனதைப் பார்த்துச் சிரிக்கிறான். அப்புறம் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் அத்தான்" என்றான். "எல்லாரும் நான் வேற எங்கேயோ பார்த்தேன்னு நினைக்கிறாங்க. இல்ல. அவர் கை மேல வந்து கீழ போறதை நான்தான் முதல்ல பார்த்தேன். கால் நகரல. எத்தனை பேருக்கு நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கேன், எனக்குக் கால் நகரல. பம்ப் ரூம்லேர்ந்து அவ்வளவு தூரம் அந்த மனுஷன் ஓடி வந்து குதிக்கிறாரு, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் ஆகலையேன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு ஆயிடுச்சு." எனக்கு நாக்கு துறுதுறு என்று வந்தது, மகளே. யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லலாம். நான் முதன்முதலாகப் பல் பிடுங்கியபோது கை நடுங்கிய கதையைச் சொல்லலாம். அது அருமையான கதை, உனக்கே தெரியும். ஒன்றும் சொல்ல முடியவில்லை, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பேசினான், அழுதான், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் பேசினான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பல் பிடுங்கிய வலியினாலும் இருக்கலாம்.

அவன் ஓய்ந்த பிறகு பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டேன். கன்னம் மரத்து, எச்சிலும் ரத்தமும் வழிய, அந்த ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தோணுச்சு" என்றான்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல."

"தோணினா சொல்வியா? எந்நேரமானாலும்?"

"சொல்றேன்."

பஞ்சை மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன். அவன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். பாதி மீதி வைக்கவில்லை.

மறுநாளே நானும் உன் அம்மாவும் அவனை நடுவில் உட்கார வைத்து ஆட்டோவில் நீ சொன்ன மனநல டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரா வாரம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கூடப் போனால் வருகிறான், தனியாக இன்னும் வெளியே காலை வைக்கவில்லை. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடாது என்று டாக்டர் சொன்னார். நானும் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த வயதில் ஒரு மனிதன் இப்படி மாற முடியுமா என்று எனக்கே ஆச்சரியம். எல்லாம் மனக்கட்டுப்பாடு. உன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு ஆள் தேவைப்பட்டால் சொல், வந்து மௌனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தி ராத்திரி பல் தேய்க்கிறாளா என்று நான் கேட்டதாகக் கேட்கவும். நீ ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு உன் வயிற்றைக் காயப்போடாமல், ஆயுளோடும் முப்பத்திரண்டு பல்லோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமலே இரண்டு நாள் ஓடிவிட்டது. உன் அம்மா எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கிய புண் ஆறி எத்தனையோ நாளாகிவிட்டது. இன்னும் தினமும் மாமன் வீட்டுப் படியேறும்போது ஒரு பஞ்சைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். அது இல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தேன், உட்காருவதற்குள் மூன்று புத்திமதி சொல்லிவிட்டேன். நேற்று எடுத்துவர மறந்துபோய்ப் பாதிப் படியில் நின்று சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். உன் மாமன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க அத்தான், நான் வாங்கி வெச்சிருக்கேன்" என்று ஒரு புதுப் பஞ்சுப் பாக்கெட்டை நீட்டினான். மருந்துக் கடை நாலு தெரு தள்ளி இருக்கிறது. தனியாக நடந்தே போய் வாங்கிவந்திருக்கிறான்.