பழகாத சைலன்சர்

உக்காருங்க, உக்காருங்க. வாசல்லயே தொங்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க. அங்க என்ன ரெண்டு பேரு குசுகுசுன்னு? வாயை மூடினாத்தான் வண்டி கிளம்பும். இது சத்தத்தைப் பத்தின கதை. நடுவுல நீங்களும் கத்தினா, எது கதை எது நீங்கன்னு எனக்கே தெரியாமப் போயிடும்.

ஒரு பஸ் கண்டக்டர். வாரத்துல ஆறு நாளும் நின்ன கால்லயே நிப்பார். "உள்ள போ, உள்ள போ, உள்ள காலியாத்தான் இருக்கு"ன்னு கத்திக் கத்தி, தொண்டை துருப்பிடிச்ச கேட்டு மாதிரி ஆயிடுச்சு. உள்ள என்னைக்குமே காலியா இருந்ததில்லை, அது வேற விஷயம். சாயங்காலம் ஆச்சுன்னா கால் ரெண்டும் வீங்கிப் போய், செருப்பே "எனக்கு இந்தக் கால் வேண்டாம்பா"ன்னு சொல்லும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. பங்களாவா? காரா? அதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கணும். அவ்வளவுதான்.

அதுக்கும் ஒரு எமன் வீட்டுக்குப் பின்னாடியே படுத்துக் கிடந்தான். பெரிய புல்தரை. அதை வெட்ட ஒரு கிழட்டு டிராக்டர். உழவு ஓட்டற டிராக்டர்னு நினைச்சுக்காதீங்க. மேல உக்காந்து புல்லு வெட்டற சின்னத் தோட்ட டிராக்டர். முன்னாடி குடியிருந்தவங்க, தூக்கிட்டுப் போற செலவுக்குப் பயந்து விட்டுட்டுப் போனது. கண்டக்டர் மாதிரியே இருமும், கண்டக்டர் மாதிரியே காலையில எழுந்திரிக்க அடம் பிடிக்கும். ஞாயிறு ஆனா புல்லு வெட்டியே ஆகணும். வீட்டம்மா போட்ட சட்டம்.

வீட்டம்மா தையல்காரங்க. முன்னறையில மோட்டார் மெஷின் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க சட்டை தைப்பாங்க. பேச்சு ரொம்பக் கம்மி. வாயில எந்நேரமும் ரெண்டு குண்டூசி இருக்கும், அதனால எல்லாத்துக்கும் "ம்"தான். சந்தோஷத்துக்கு ஒரு "ம்". சந்தேகத்துக்கு ஒரு "ம்". "இன்னைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது"ங்கறதுக்கு ஒரு "ம்". பஸ்ஸு நிறைய கூட்டத்தை அடக்கற கண்டக்டர், இந்த ஒத்தை எழுத்துல அடங்கிப் போவார். வாய்தான் சின்னது, காது ரொம்பப் பெருசு. தெருக்கோடி டெய்லர் கடையில ஓடற மெஷினுக்கு எண்ணெய் பத்தலைன்னு, இங்க அடுப்படியில நின்னுக்கிட்டே சொல்லிடுவாங்க.

நம்மாளு ஒரு திட்டம் போட்டார். புல்லு வெட்ட ஒரு மணி நேரம் போதும். மூணு மணி நேரம் ஆகும்னு வீட்டுல சொல்லி வச்சார். சரசரன்னு வெட்டி முடிச்சுட்டு, வண்டியைத் தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னாடி ஓரங்கட்டுவார். எஞ்சினை மட்டும் அணைக்க மாட்டார். அது பாட்டுக்கு நின்ன இடத்துல கத்திக்கிட்டு இருக்கும். இவர் கோணிப்பையை விரிச்சுப் படுத்துடுவார்.

அந்தச் சத்தத்துல எப்படித் தூக்கம் வரும்னு கேக்கறீங்க. உங்களுக்கு வராது. அவருக்குச் சத்தம் இருந்தாத்தான் வரும். பாதி ஆயுசை பஸ் எஞ்சினோட குடித்தனம் நடத்தினவர். எஞ்சின் ஓடினா கண்ணு சொக்கும். நின்னா, ஸ்டாப்பு வந்துடுச்சுன்னு துள்ளி எழுந்து "இறங்கு இறங்கு"ம்பார். ராத்திரி மெத்தையில புரண்டுக்கிட்டே கிடக்கற மனுஷன், கோணிப்பையில குழந்தை மாதிரி தூங்குவார். உள்ள வீட்டம்மா காதுல "டுபுடுபுடுபு"ன்னு விழும். பாவம், மனுஷன் உழைக்கிறாருன்னு நினைச்சுப்பா. அப்படின்னு இவர் நினைச்சுக்கிட்டார்.

ஒரு ஞாயிறு, டிராக்டரோட சைலன்சர் துரு ஏறி இத்துப்போய், அடிப்பக்கம் மொத்தமா கழண்டு விழுந்துச்சு. சத்தம்னா சத்தம், மூணு தெரு நாயும் பதில் குடுத்துச்சு. அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு நர்சம்மா வேலிப் பக்கம் ஆஜர். ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவங்க.

"அண்ணே! அது டிராக்டரா, போர் விமானமா?"

"டிராக்டர்தாம்மா. வயசாயிடுச்சு, இருமுது."

"நான் பாக்காத இருமலா? இது இருமல் இல்லண்ணே, கடைசி மூச்சு. என் வீட்டு அலமாரியில தட்டெல்லாம் தானா நடந்து போகுது!"

"பழைய மாடல். இதுக்கு சைலன்சர் கிடைக்காது."

"தேடிப் பாத்தீங்களா?"

"கிடைக்காதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கும்மா தேடணும்?"

"அக்கா! இவரு பேசறதைக் கேளுங்கக்கா!"

வீட்டம்மா வெளியில வந்தாங்க. வாயில இருந்த குண்டூசியை எடுத்து ரவிக்கையில குத்திக்கிட்டாங்க. அபாய அறிவிப்பு.

"மாத்துங்க."

"அதில்லம்மா, என்னன்னா..."

"ம்."

முடிஞ்சு போச்சு. கண்டக்டர் மனசுக்குள்ள கணக்குப் போட்டார். வண்டி சத்தம் போடலைன்னா உள்ள கேக்காது. கேக்கலைன்னா என்ன பண்றாருன்னு எட்டிப் பாப்பா. பாத்தா கோணிப்பை தெரியும். கோணிப்பை தெரிஞ்சா ஞாயித்துக்கிழமைக்குக் கருமாதிதான்.

அடுத்த ஞாயிறு காலையில மேஜை மேல பேப்பர் சுத்தி புது சைலன்சர் உக்காந்திருக்கு. கிழிஞ்ச சட்டையை அளவுக்குக் குடுக்கற மாதிரி, உடைஞ்ச துண்டை எடுத்துட்டுப் போய் பழைய சாமான் கடையில தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்துட்டாங்க, மகராசி.

கண்டக்டர் ஸ்பேனரை எடுத்தார். எஞ்சின்ல சைலன்சரைப் பிடிச்சிருக்கற போல்ட்டு ரெண்டும் துருவுல பாறை மாதிரி இறுகிப் போயிருக்கு. எண்ணெய் ஊத்தினார், வரலை. தட்டினார், வரலை. கெஞ்சினார், அதுக்கும் வரலை. சுத்தியல் ஓங்கி ஒரு போடு போட்டார். போல்ட்டுக்குப் பதிலா கட்டை விரல் வந்துச்சு. நர்சம்மா ஓடி வந்து கட்டுப் போட்டாங்க. வாய் மட்டும் நிக்கலை.

"ஏண்ணே, ஒரு போல்ட்டைக் கழட்டத் தெரியாமலா பஸ்ஸுல வேலை பாக்கறீங்க?"

"நான் ஆளைத்தாம்மா இறக்குவேன். போல்ட்டை இல்ல."

ஒருவழியா பழசு கழண்டுச்சு. அப்பத்தான் அவருக்குப் புத்தி வேலை செஞ்சுச்சு. கெட்ட புத்தி எப்பவுமே களைப்புலதான் வேலை செய்யும். கொட்டகைக்குள்ள போய், புது சைலன்சரோட மூடியை ரம்பம் வச்சு அறுத்தார். உள்ள ஓட்டை ஓட்டையா ஒரு குழாய். அதுதான் சத்தத்தை முழுங்கற குடல். அதை உருவி எடுத்து கோணிப்பைக்கு அடியில ஒளிச்சார். மூடியைப் பசை வச்சு ஒட்டி, கறுப்புப் பெயிண்டு அடிச்சார். வெளிய புத்தம் புதுசு, உள்ள வெறும் டப்பா.

மாட்டி, சாவியைத் திருப்பினார். வானம் இடிஞ்சுச்சு.

"அண்ணே! பழசே தேவலாம் போலிருக்கே!"

"புதுசும்மா. புதுச் செருப்பு கடிக்கறதில்லையா? நாலு தடவை ஓடினா பழகிடும்."

"சைலன்சர் பழகுமா?"

"ஏன் பழகாது? நான் இந்த வீட்டுல பழகலையா?"

ரெண்டு பேரும் பின்வாசல்ல வந்து நின்ன வீட்டம்மாவைப் பாத்தாங்க.

"ம்"ன்னாங்க அவங்க. இது புது மாதிரி "ம்". இவர் அகராதியிலேயே இல்லாத "ம்". என்ன அர்த்தம்னு யோசிக்க கண்டக்டருக்குத் தெம்பு இல்ல. புல்லை வெட்டிட்டு, வண்டியைக் கத்த விட்டுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

அந்த வாரம் பஸ்ஸுல கூட்டம்னா கூட்டம். காலு ரெண்டும் அவர்கிட்ட ராஜினாமா குடுக்காத குறை. ஞாயிறு எப்ப வரும் எப்ப வரும்னு கிடந்து, வந்துச்சு. ஓடிப் போய் டிராக்டர்ல உக்காந்து சாவியைத் திருப்பினார்.

ஒண்ணும் கேக்கலை.

திரும்பவும் திருப்பினார். "கர்ர்ரக்"ன்னு பல்லைக் கடிச்சுச்சு. அட, வண்டி ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு! மடியில படுத்த பூனை மாதிரி "புர்ர்ர்"ன்னு ஓடுது. குனிஞ்சு பாத்தார். சைலன்சர் மூடியைச் சுத்தி புதுசா வெல்டிங். சட்டைக் கைக்கு மடிப்பு அடிச்ச மாதிரி நேரா, சுத்தமா. கொட்டகைக்கு ஓடி கோணிப்பையைத் தூக்கினார். குழாயைக் காணோம்.

கண்டக்டருக்கு எல்லாம் விளங்கிடுச்சு. வீட்டம்மா குழாயை உள்ள வச்சு, வெல்டிங் கடையில குடுத்து மூடியை ஒட்ட வச்சிருக்காங்க. ஆனா வாயைத் திறக்க முடியுமா? "குழாயை யாரு மாட்டினது?"ன்னு கேட்டா, "கழட்டினது யாரு?"ன்னு பதில் வரும். சத்தம் போடலைன்னு ஒரு சைலன்சரைக் குத்தம் சொன்ன ஆளு உலகத்துல உண்டா?

வேலி மேல நர்சம்மா முகம் பூவா மலர்ந்திருக்கு. "பாத்தீங்களாண்ணே! நீங்க சொன்ன மாதிரியே பழகிடுச்சு!"

"ஆமாம்மா," அழாத குறையாச் சொன்னார். "நல்லாவே பழகிடுச்சு."

புல்லை வெட்டினார். ஓரங்கட்டினார். படுத்தார். தூக்கம் வரணுமே! எறும்பு நடக்கறது கேக்குது. இலை விழறது கேக்குது. தன் முழங்கால் முனகறது தனக்கே கேக்குது. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். அப்ப வீட்டுக்குள்ள இருந்து மெல்லிசா ஒரு சத்தம்.

குறட்டை.

செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தார். முன்னறையில வீட்டம்மா பெஞ்சுல கால் நீட்டிப் படுத்திருக்காங்க. பக்கத்துல மெஷின் சும்மா நிக்குது. அது மேல மடிப்பு அடிக்காத சட்டைங்க மலை மாதிரி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவங்க மத்தியானம் தூங்கி இவர் பாத்ததே இல்ல.

"ஏம்மா... தூங்கறியா?"

"ம்."

"நான் அங்க வெயில்ல மாடா உழைக்கிறேன், நீ இங்க..."

"ம்."

"எனக்குச் சத்தம் இல்லாம தூக்கமே வர..." நாக்கைக் கடிச்சுக்கிட்டார். கடிச்சு என்ன, வார்த்தை வண்டியை விட்டு இறங்கிடுச்சே.

வீட்டம்மா கண்ணைத் திறக்கலை. ஆனா வாயில இன்னைக்குக் குண்டூசி இல்ல.

"சத்தம் வேணும்னா மெஷின்ல உக்காந்து அந்தச் சட்டைக்கெல்லாம் மடிப்பு அடிங்க. ஆனா துணியை வச்சு ஓட்டுங்க. துணி இல்லாம ஓடற மெஷினும், புல்லு இல்லாம ஓடற டிராக்டரும் ஒரே மாதிரிதான் கத்தும். எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்."