தாடைப் பயிற்சிக்கு அகப்பட்ட தகப்பன்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் இன்றுவரை உங்கள் அதட்டலுக்கு உட்பட்டு வாழ்ந்துவரும் அடியேன் எழுதுவது. இங்கே நானும் என் மகளும் உடல் அளவில் சுகம். அங்கே உங்கள் முழங்காலும், அக்காவின் ரத்த அழுத்தமும், உங்கள் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில் அவளை ஓர் அதட்டு அதட்டி, அவள் வெளியூர் வேலைக்குப் போவதைத் தடுத்து நிறுத்தும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றவன் நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுக்கத்தான் பார்த்தேன் மச்சான். அப்போது என் வாய்க்குள் அவளுடைய கட்டைவிரல் இருந்தது.

விவரமாகச் சொல்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முழங்கால், முதுகு, தோள்பட்டை என்று ஊராரின் மூட்டுகளையெல்லாம் நீட்டி மடக்கிக்கொண்டு சிவனே என்று இருந்தவள், திடீரென்று தாடை மூட்டுக்கென்று ஒரு தனிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஏதோ உருளுமே, அதுதான் அந்த மூட்டு. அதற்குள் சின்னதாக ஒரு மெத்தை இருக்கிறதாம். அது இடம் நகர்ந்தால் 'டக்' என்று சத்தம் கேட்குமாம். இதையெல்லாம் படிப்பதற்காக, பிளாஸ்டிக்கில் செய்த மண்டையோடு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே வைத்தாள். தாடைக்கு ஸ்பிரிங் போட்டிருந்தது. நான் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தேன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாகப் பெரியவர் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் உங்களைத் தொந்தரவு செய்யப்போகிறேன்? ஒருநாள் சாப்பிடும்போது என் தாடை 'டக்' என்றது. வேலையில் இருந்த காலமெல்லாம் நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிட்ட தாடை. தெருக்கோடி தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் சாட்சிகூட என் குரல் கேட்டு எழுந்து ஓடிவருவான். அப்படி உழைத்த தாடை வயதான காலத்தில் ஒரு 'டக்' போட்டால் என்ன? ஆனால் என் மகள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

“அப்பா! இன்னொரு தரம் திறங்க!”

பரீட்சையில் முதலாவதாக வந்த நாளில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நடு மூன்று விரல்களையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவே விடச் சொன்னாள். மூன்றும் போனால் நல்ல தாடை. எனக்கு இரண்டு போவதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்கப்பா. கன்னம் கல்லாட்டம் இருக்கு.”

“கல்லாட்டம் இருக்கிறது உங்க அம்மா வீட்டுப் பிடிவாதம். எனக்கு எங்கிருந்து வந்துச்சு?” என்றேன். மன்னிக்கவும், பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். உதடு மூடியிருக்க வேண்டும், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது, நாக்கின் நுனி மேலண்ணத்தில் இருக்க வேண்டும். மறந்துவிடாமல் இருக்கக் கண்ணாடியில், குளிர்பெட்டியில், தொலைக்காட்சியின் ஓரத்தில், என் மூக்குக்கண்ணாடி உறையில் எல்லாம் சிவப்புப் பொட்டாக ஒட்டிவிட்டாள். பொட்டைக் கண்டால் பல்லைத் தளர்த்த வேண்டும். பல்லைத் தளர்த்தினால் முகம் என்னவோ களவு கொடுத்தவன் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டம்மா பதறிப்போய், “ஏன் அண்ணே, ஏதாவது கெட்ட சேதியா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லம்மா, பல்லைத் தளர்த்தி வெச்சிருக்கேன்” என்றேன். அதற்கப்புறம் அவர் என்னைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுகிறார்.

இனிமேல்தான் விஷயமே. வைத்தியம் என்னவென்றால், கையுறை போட்டுக்கொண்டு, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்து, மற்ற விரல்களால் முகவாயை வெளியே பிடித்துக்கொண்டு, தாடையை மெல்லக் கீழே அழுத்தி முன்னால் இழுப்பது. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டாள்: “பேச முடியாதுல்ல, அதனால வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே தளர்த்திடுவேன்.” நானும் தலையாட்டினேன். ஒருநாள் காலை, கட்டைவிரல் உள்ளே போனதும் அவள் பேச ஆரம்பித்தாள்.

“அப்பா, எங்க டீச்சர் ஒரு இடத்துல என் பேரைச் சொல்லியிருந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரி. தாடைக்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிக்கிறாங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“ராத்திரி பூரா ரயில்ல போகணும்.”

நான் இடது கையைத் தூக்கினேன்.

“வலிக்குதா? சரி, சரி, மெதுவா பண்றேன்.” அழுத்தத்தைக் குறைத்தாளே தவிர, சேதியைக் குறைக்கவில்லை. “வேலை கிடைச்சிடுச்சுப்பா. அடுத்த மாசம் சேரணும்.”

இரண்டு கையையும் தூக்கினேன்.

“ரெண்டெல்லாம் வேணாம்பா, ஒண்ணு போதும்.”

கட்டைவிரலை எடுத்ததும் பொரிந்து தள்ளலாம் என்று காத்திருந்தேன். எடுத்தவள், “மூட்டு ஓய்வெடுக்கணும். அரை மணி நேரம் பேசவே கூடாது” என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேசிப் பேசியே பிழைத்த என்னிடம் ஒரு பெண் தன் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லி முடிக்க வேறு வழியே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் புரிகிறது.

நேற்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு நோயாளியைக் கூட்டிவர வேண்டுமாம். வரிசையாகக் கட்டில், நடுநடுவே பச்சைத் திரை, ஒவ்வொரு கட்டிலிலும் வாயைத் திறந்தபடி ஒரு சொந்தக்காரர். அவளுடைய டீச்சர் குள்ளமான அம்மா, குரல் ரொம்ப மெது. இரண்டு கையாலும் என் கன்னங்களைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

“வீட்டுல ஏதாவது கவலையா ஐயா?”

“ஒண்ணுமில்லம்மா. பொண்ணுக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு. போகப்போறா. எனக்கு ரொம்ப சந்தோஷம்.”

“இப்போ பல்லைக் கடிச்சீங்க” என்றார் அந்த அம்மா. பிறகு என் மகள் பக்கம் திரும்பி, “இங்க விரலை வெச்சுப் பாரும்மா. ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார்.

நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன் மச்சான். ஒருவரையும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில்லை. என்னால் இரண்டாவது தரம் சொல்ல முடியவில்லை. தேர்வுக்கு வேண்டியதைவிட அதிக நேரம் அவள் விரல்கள் என் கன்னத்திலேயே இருந்தன. தேர்வில் நல்லபடியாகத் தேறிவிட்டாள். பேருந்தில் வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆகவே இதுதான் சமயம். அவள் மனசு இளகியிருக்கிறது. தாங்கள் வந்து ஓர் அதட்டு போட்டால் காரியம் முடிந்துவிடும். பழி உங்கள் தலையில், பெண் என் வீட்டில். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் தங்கை போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் இந்த வீட்டில் “அப்பா, எழுந்திருங்க” என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்காகத்தான் எழுந்திருக்கிறேன். அது இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. நேரில் என்றால் உங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரப்பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடியில்லாமல், பல்லும் பல்லும் ஒட்டாமல், நீடூழி வாழ ஆசிகள். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயணச்சீட்டை இன்றே எடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அதட்டலை வாழ்நாளில் முதன்முறையாக ஆவலுடன் எதிர்பார்க்கும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசையை எடுத்தபோது அவள் கைபேசியும் கையுமாக வந்து நின்றாள். “அப்பா, வரலைன்னு அவங்களுக்கு எழுதிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்” என்றாள். நான் கேட்டது கைக்கே வந்துவிட்டது மச்சான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, “அனுப்பினே, நடக்கிறதே வேற! வாயைத் திறக்க முடியாம அங்க எத்தனை பேர் பட்டினியா உக்காந்திருக்காங்களோ! உங்கப்பனுக்காக அவங்க காத்துக்கிட்டிருக்கணுமா?” என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், எழுதியதை அழித்துவிட்டாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனவே ஞாயிற்றுக்கிழமை வரவே வேண்டாம். வந்து அவளைத் தடுத்தால் முதல் சண்டை என்னோடுதான். அடுத்த மாதம் அவள் ரயில் ஏறிய மறுநாள் காலையில் வாருங்கள். வந்து என்னை எழுப்புங்கள்.