குழாயைத் தட்டிய செருப்பு

குழந்தைக் கதைகளில் வரும் மாயம் பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்று முடிவுகட்ட, கெய்ரோவில் எங்கள் மேன்மைதங்கிய அரசு ஒரு கமிட்டி அமைத்தது. தலைவர் ஷவ்கி; மரியாதைக்கு 'உஸ்தாத்', அதாவது ஐயா, என்போம். கண்ணேறு படாமலிருக்க அவர் மேசைக்கு மேலே ஒரு நீல மணி தொங்கும். அது மாயத்தில் சேராது, அலுவலகப் பாதுகாப்பில் சேரும்.

என் எதிர்வீட்டு இன்சாஃப் முதன்முதலாக ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். வறண்ட குழாயை ஒரு சிறுமி செருப்பால் தட்ட, தெருவுக்கே தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் தெருக் குழாய் இருக்கும் லட்சணத்தில் அவள் கற்பனைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கமிட்டி ஒப்புதல் இல்லாமல் தொடமாட்டேன் என்று அச்சகக்காரர் கைவிரித்துவிட்டார். அவளுக்குத் துணையாக நானும் அலைந்தேன்.

போகும்போதெல்லாம் தேநீரை உறிஞ்சியபடி "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிய ஷவ்கி, ஒருநாள் நிஜமாகவே படித்துவிட்டார்.

"செருப்பால அடிச்சா தண்ணி வருமா மதாம்? பிள்ளைங்க நம்பிக் கெட்டுப்போகும்."

"பின்ன எப்படி வரணும் உஸ்தாத்?"

"முறைப்படி வரணும். பொண்ணு குடிநீர் ஆபீஸ்ல மனு கொடுக்கட்டும்."

"கொடுத்தா?"

"அன்னைக்கே வந்துச்சுன்னு எழுதுங்க."

இன்சாஃப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கதையில் அதிகாரி எழுந்து நின்று சிறுமியை உட்காரச் சொன்னார். மாலைக்குள் குழாய் பொங்கியது. 'முற்றிலும் யதார்த்தம்' என்று கமிட்டி முத்திரை குத்த, புத்தகம் வெளிவந்தது.

அங்கேதான் வினை. பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அம்மாக்களை இழுத்துக்கொண்டு, கையில் புத்தகத்தோடு குடிநீர் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"எந்திரிச்சு நில்லுங்க மாமா. புத்தகத்துல நிக்கிறாரே," என்றதாம் ஒன்று.

மாமா நிற்கவில்லை, மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அந்த ஒரு காகிதம் மட்டும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. புத்தகத்துக்குத் தடை. காரணம்: 'நடக்கவே முடியாதவற்றைப் பிஞ்சு மனதில் விதைக்கும் அபாயகரமான மாயம்.'

தடை உத்தரவோடு மறுபடி ஷவ்கியிடம் போனோம். இன்சாஃப் நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப பழைய செருப்பையே போட்டுக்கலாமா உஸ்தாத்?"

"தாராளமா போடுங்க. செருப்புக்குத் தண்ணி வரலைன்னா எங்களை எவனும் கேக்க மாட்டான். அது நல்ல மாயம்."

இப்படியாக ஆராய்ச்சி இனிதே முடிந்து, செருப்புக் கதை அச்சேறியது. அந்த வாரமே தெருவில் வீட்டுக்கு வீடு டக் டக் என்று சத்தம். ஷவ்கி வீட்டிலும் கேட்டதாகப் பேச்சு. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் தட்டினேன்.

தண்ணீர் வரவில்லை. ஆனால் செருப்பு எங்கள் யாரையும் நாளைக்கு வரச் சொல்லவில்லை.