குடலை எழுப்பிய சின்னுசாமி

"இன்னும் வெளிய போகலீங்களா?" முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள் பாப்பாயி.

"போவும், போவும்" என்றான் சின்னுசாமி. விடிந்ததிலிருந்து நாயின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வேறென்ன சொல்வான்.

சொத்தைப் பல் பிடுங்கக் கருவாயனை நேற்றுத்தான் சேந்தமங்கலம் மாட்டாசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான். "மயக்க ஊசி போட்டா குடலும் கூடவே கொஞ்சம் தூங்குங்க. ரெண்டு நாள் வெளிய போகாட்டி பயப்படாதீங்க. கஞ்சி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதில் 'தூங்கும்' என்ற ஒரு சொல்தான் சின்னுசாமியின் காதில் ஏறியது. டீ குடித்துவிட்டுத் திரும்பியவன், ஆசுபத்திரித் தூணோரம் சுருண்டு கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு, கிளம்பிய வேனில் ஓடி ஏறிவிட்டான்.

"பல்லு போயிருச்சான்னு பாத்தீங்களா?"

"வாயத் தொறந்தா என்ற வெரலு போயிரும்."

கருவாயன் ஊளையிட்டது.

"பசிக்குதுங்க அதுக்கு. கஞ்சி ஊத்தட்டுமா?"

"தூங்கறவன் வாயில சோத்தத் திணிப்பியா? பசியில்ல புள்ள, மயக்கம் தெளியுது. மொதல்ல குடல் முழிக்கோணும்."

முழிக்க வைக்க, பித்தளைத் தட்டை அதன் வயிற்றோரம் வைத்துக் கரண்டியால் தட்டினான். கருவாயன் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"காது செவிடாச்சு. குடல் எந்திரிச்சுதுங்களா?"

அடுத்து மிளகுக் கசாயம். சொந்தக் காட்டு மிளகு என்பதால் கை தாராளமாகவே விழுந்தது. ஊற்றிய வேகத்தில் அது அவன் வேட்டிக்கே திரும்பி வந்தது.

"ஒரு நாள் பொறுக்கறதுக்கு என்னங்க?"

"டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று விளக்கெண்ணெயை எடுத்தான். அரை பாட்டில்.

குடல் எழுந்தது. எழுந்த குடலோடு கருவாயன் வாசலில் காயப்போட்டிருந்த சாமையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது.

"எந்திரிச்சிருச்சு பாத்தியா?" சின்னுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தேன். இனித் தூங்க வெக்க யாருகிட்டப் போவீங்க?"

பொழுது சாய்வதற்குள் நாய்க்குக் கால் நிற்கவில்லை. வாசலில் நீட்டிப் படுத்துக்கொண்டது. வாலைத் தொட்டால்கூட அசைக்கவில்லை.

பாப்பாயியின் குரல் இறங்கியது. "இது போச்சுன்னா, மரவள்ளிக் காட்டுக்குப் பன்னி வரப்ப நீங்கதான் கொரைக்கோணும்."

சின்னுசாமி நாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அந்த நேரம் போன் அடித்தது. ஆசுபத்திரிக் கம்பவுண்டர் செங்கோடன்.

"உங்க மயக்க ஊசி எங்க நாயைக் கொன்னுபோடுமாட்டம் இருக்குதுங்க" என்றான் சின்னுசாமி. "குடலே கழண்டு ஊத்துதுங்க."

அந்தப் பக்கம் செங்கோடன் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நேத்து கரண்டே இல்லீங்க, ஊசி இன்னும் போடவே இல்ல. நாளைக்குக் கூட்டியாங்க, வயிறு மட்டும் காலியா இருக்கோணும்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."